‘ஃபுல் சர்வீஸ் பண்ணது’ என்று ஜூனோ-106 விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் பழைய சிந்தசைஸர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஜப்பானிலிருந்து பழைய கீபோர்டுகளை இறக்கி விற்கும் ஒரு வியாபாரி, பழுதான ரோலண்ட் ஜூனோ-106 ஒன்றை நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டி எனக்கு விற்றார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். எப்படி விற்றார் என்பதைத்தான் விவரமாக எழுதுகிறேன். இதே வித்தையை நாளை வேறொருவரும் செய்யலாம்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஜூனோ-106 வந்தது 1984இல். ஆறு வாய்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும். ஒவ்வொரு வாய்ஸுக்கும் 80017ஏ என்ற சின்ன சிப் ஒன்று உண்டு. ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரும் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தச் சிப்பின் மேல் பூசியிருக்கும் எபாக்ஸி, வருடங்கள் போகப் போக மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பிக்கும். அப்புறம் அந்த வாய்ஸ் கரகரக்கும், அழுத்தாத சுரம் பின்னால் முனகும், கடைசியில் ஊமையாகிவிடும். உலகம் முழுக்க ஜூனோ-106 வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த நோய் இது. சிப்பை அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சைக் கரைத்தால் பல சிப்கள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காததற்குப் புதிதாகச் செய்த மாற்றுச் சிப் கிடைக்கிறது. ஆகவே ‘சர்வீஸ் பண்ணியாச்சு’ என்று ஒருவர் சொன்னால், இந்த ஆறு சிப்பும் பார்க்கப்பட்டன என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தமே இல்லை.

எனக்கு வாட்ஸாப்பில் வந்த வரி: “ஃபுல்லி சர்வீஸ்ட், ஆல் வாய்ஸ் ஓகே.”

கடையில் அவர் வாசித்துக் காட்டியபோது கோரஸ், அதாவது ஒரு ஒலியைப் பல ஒலிகள் சேர்ந்தது போல அகலமாக்கும் எஃபெக்ட், போட்டிருந்தது. ஜூனோவின் கோரஸ் அழகானது, அந்தக் கருவியின் பேரும் புகழும் பாதி அதனால்தான். ஆனால் எந்தக் குறையையும் அது பூசி மெழுகிவிடும். அதைவிட முக்கியம், கருவி ‘பாலி 2’ நிலையில் இருந்தது. ‘பாலி 1’இல் வைத்தால் ஒவ்வொரு முறை கீயை அழுத்தும்போதும் அடுத்த வாய்ஸுக்குப் போகும்; ஆறும் மாறி மாறி ஒலிக்கும். ‘பாலி 2’இல் எப்போதும் முதல் வாய்ஸிலிருந்து தொடங்கும். ஒற்றைச் சுரமாக ஒரு மெலடி வாசித்தால் கேட்பது முதல் வாய்ஸ் மட்டுமே. நான்கு சுரக் கார்டு பிடித்தால் முதல் நான்கு. என் கருவியில் செத்துக்கிடந்தது ஐந்தாவது. ஆறு பேர் முறை வைத்துப் பாடும் பஜனையில் ஐந்தாமவருக்குத் தொண்டை கட்டியிருந்தால், முதல் நான்கு பேரையே திரும்பத் திரும்பப் பாடவிட்டு மறைக்கலாம் அல்லவா? அதையேதான் செய்தார்.

பட்டனில் கை வைக்கப் போனபோது, “தம்பி, எதையும் மாத்தாதீங்க, உள்ள பேட்டரி வீக்கா இருக்கு, பேட்ச் எல்லாம் அழிஞ்சுடும்” என்றார். உள்ளே இருப்பது சிஆர்2032, எந்தக் கடையிலும் கிடைக்கும் காசு அளவு பேட்டரி. 128 பேட்சையும், அதாவது சேமித்து வைத்த ஒலி அமைப்புகளையும், மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பது அது. அது தீர்ந்தால் பேட்ச் போகும் என்பது உண்மை. பாலி பட்டனை அழுத்தினால் போகும் என்பது பொய். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எந்த வாய்ஸ் செத்தது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வீட்டில் பாலி 1இல் வைத்ததும் ஆறு முறைக்கு ஒரு முறை ஒலி காணாமல் போனது. கருவி சூடேறச் சூடேற இரண்டாவது வாய்ஸும் கரகரத்தது. போன் செய்தேன். வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

“அண்ணா, ஒரு வாய்ஸ் வரவே இல்லை.”

“பழைய அனலாக்னா அப்படித்தான் தம்பி இருக்கும். அதுதான் அதோட கேரக்டர். சுத்தமா வேணும்னா புதுசு வாங்கியிருக்கணும். புதுசுல இந்த உயிர் கிடையாது, பாருங்க.”

பழசா புதுசா என்று நம்மில் பலர் நேர்மையாகப் பேசிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இவர்கள் பழுதை மூடும் துணியாக்கிவிட்டார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஜூனோ-106 இன்றும் அர்த்தமுள்ள கருவி. ஒவ்வொரு வேலைக்கும் முகப்பிலேயே ஒரு ஸ்லைடரோ பட்டனோ இருக்கும், திரைக்குள் மெனுவைத் தேட வேண்டியதில்லை. ஒலியை மெதுவாக அசைக்க ஒரு எல்எஃப்ஓ, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைக்க ஒரு என்வலப், அவ்வளவுதான். ஒலி எப்படிப் பிறக்கிறது என்று கையாலேயே கற்றுக்கொள்ளலாம். அந்தக் கோரஸைப் போட்டுப் பிடித்த ஒரு கார்டுக்கு நான் இன்னும் மயங்குகிறேன். ஆனால் இந்தப் பெருமை எதுவும் செத்த சிப்பால் வருவதில்லை. ஆறு வாய்ஸும் ஒரே மாதிரி பேசவேண்டும் என்றுதான் அதைச் செய்தவர்கள் செய்தார்கள்.

புதியவை அதன் இடத்தைப் பிடித்துவிட்டனவா என்றால், பாதி. ரோலண்டே 2019இல் ஜேயூ-06ஏ என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. நான்கு வாய்ஸ்தான், உள்ளே டிஜிட்டல், ஆனால் பாட்டுக்கு நடுவில் பேடாக, அதாவது பின்னணியில் நீளும் ஒலியாகப் போட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெரிஞ்சரின் டீப்மைண்ட் 12இல் பன்னிரண்டு அனலாக் வாய்ஸ். கீயை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதையும் அது உணரும், ஜூனோ-106 உணராது. இன்னொரு பழைய கீபோர்டான யமஹா டிஎக்ஸ்7 விஷயம் வேறு. 1983இல் வந்த அது அடிப்படையிலேயே டிஜிட்டல். டெக்ஸட் என்ற இலவச மென்பொருள் அதன் பேட்ச் கோப்புகளை அப்படியே திறக்கும். டிஎக்ஸ்7 ஒலிக்காக மட்டும் பழைய கருவிக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

பணம் திரும்பக் கேட்டபோது பேச்சு மாறியது. முதலில் ஆள் அனுப்புகிறேன் என்றார். அப்புறம், வெளியில் திறந்து பார்த்துவிட்டீர்கள், இனி பொறுப்பில்லை என்றார். அப்புறம் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். திறந்து பார்த்தவர் கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ கீபோர்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு அனுபவசாலி. ஆறு சிப்பிலும் பழைய பூச்சு அப்படியே இருந்ததை படம் எடுத்துக் கொடுத்தார். “தம்பி, இதுல யாரும் கையே வைக்கல” என்றார். சர்வீஸ் என்று சொன்னது தூசு தட்டியதை மட்டும்தான்.

இன்னொன்று, இது உயிருக்கே ஆபத்து. ஜப்பானுக்காகச் செய்த கருவி 100 வோல்ட். “நேரா செருகலாம்” என்றார். பின்பக்க லேபிளைக் காட்டி நான் கேட்ட பிறகுதான் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துத் தந்தார். 230 வோல்ட்டில் செருகியிருந்தால் பவர் சப்ளை எரிந்திருக்கும். லேபிளைப் பார்க்காமல் எந்த ஜப்பான் பீஸையும் செருகாதீர்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்யுங்கள். அரை மணி நேரமாவது கருவி சூடேறட்டும். கோரஸை அணையுங்கள். பாலி 1. ஒலியளவுப் பகுதியான விசிஏவை ‘கேட்’ நிலையில் வையுங்கள், ஃபில்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள், ஒரே கீயை ஆறு முறை தட்டுங்கள். ஆறும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். பிறகு அலை பட்டன்களை அணைத்து, சப், நாய்ஸ் ஸ்லைடர்களை இறக்கி, ஃபில்டரின் ரெசொனன்ஸ் ஸ்லைடரை முழுக்க ஏற்றி, ஃபில்டரைக் கொஞ்சம் இறக்குங்கள். ஃபில்டர் தானாகவே விசில் அடிக்கும். அந்த விசிலும் ஆறு முறையும் ஒரே சுருதியில் வர வேண்டும். கீ டிரான்ஸ்போஸ் பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்தால் டெஸ்ட் மோட் வரும். எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்ற எண் திரையில் தெரியும். செத்த வாய்ஸ் எதுவென்று அங்கேயே சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

பில் கேட்டால், ஜிஎஸ்டி சேரும் என்று சொல்லி ‘பழைய கீபோர்டு - 1’ என்று ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைக்கும். எனக்கும் அதுதான் கிடைத்தது. வங்கி வழியாக அனுப்பிய பணமும் அந்த வாட்ஸாப் வரியும்தான் இப்போது என் கையில் இருக்கும் சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் வாட்ஸாப் உரையாடலை அழிக்காதீர்கள், கருவியைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். வாங்கியது எந்த மாதத்தில், கருவியின் சீரியல் எண் என்ன என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே ஆள் என்று தெரிந்தால் சேர்ந்தே தாக்கல் செய்யலாம்.