உப்புக்காற்றில் மூன்று ஏர் ரைஃபிள்: ஆறு வருட அனுபவம்

மண்டபத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா தெரியும். தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் கடல் என்பதால் கேட் கீல், சைக்கிள் செயின், ஃபேன் ஸ்க்ரூ எதுவும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் புதுசாக இருக்காது. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி சிக்ரி ஆய்வகம் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இங்கே ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதி அரித்துப் பழுதானதால் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள்.

இந்த ஊரில்தான் நானும் என் அக்கா மகளும் 2019-லிருந்து பத்து மீட்டர் தூர இலக்கை ஏர் ரைஃபிளால் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) சுடுகிறோம். அவள் அப்போது ஆறாம் வகுப்பு, இப்போது பன்னிரண்டு. இதற்குள் மூன்று துப்பாக்கிகளைப் பழகிவிட்டோம். எதை வாங்கலாம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பதிலும் மதுரை, சென்னைக்காரர்கள் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க முடியாது என்பதை இந்த ஆறு வருடத்தில் கற்றுக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மேகசின் இருக்கா? வரிசையா சுடுமா?" என்பதுதான். செமி ஆட்டோமேட்டிக் என்ற சொல் மனதில் இருக்கிறது. பத்து மீட்டர் போட்டியில் அதற்கு வேலையே இல்லை. ஒவ்வொரு பெல்லட்டையும் (சின்ன ஈயக் குண்டு) கையால் வைத்துத்தான் சுட வேண்டும், விதியே அப்படி. 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். அடுத்த கேள்வி, எவ்வளவு வேகம் என்பது. போட்டிக்கென்றே செய்யும் மேட்ச் ரைஃபிளில் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகும். விளம்பரத்தில் முந்நூறு என்று போட்டிருக்கும் துப்பாக்கிகள் இலக்கு அட்டையில் கூடுதல் புள்ளி எதையும் தந்துவிடாது. இன்னொரு விஷயம், 4.5 மி.மீ. அளவில், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு ரயிலில் போகும்போது பையைப் பார்த்து யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவோம்.

முதலில் வாங்கியது உள்நாட்டு ஸ்ப்ரிங் துப்பாக்கி. பேரலை மடக்கி ஸ்ப்ரிங்கை இழுக்கும் வகை. விலை குறைவு, காற்று நிரப்பும் தொல்லை கிடையாது. ஆனால் டிரிகரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து துள்ளும். பெல்லட் பேரலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அசைந்துவிடும். தளர்வாகப் பிடித்தால் ஓரிடம், இறுக்கிப் பிடித்தால் வேறிடம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதை மடக்குவதே பாடு, நான்தான் மடக்கித் தருவேன். வெறும் டிரிகர் பயிற்சிக்கும் அது ஆகாது. பெல்லட் இல்லாமல் அடித்தால் பிஸ்டன் சீல் கெட்டுவிடும்.

அந்தத் துப்பாக்கி கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் வேறு. 2019 கார்த்திகையில் தொடர் மழை. ஒரு சனிக்கிழமை சுட்டுவிட்டு, ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பத்து நாள் திறக்கவில்லை. திறந்தபோது பேரலின் கறுப்பு மேல் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. சுழி சுழியாக, ஆதார் எடுக்கும் மிஷினில் வைத்ததுபோல அவ்வளவு தெளிவு. ஆனால் துருவில். பிள்ளையின் வியர்வை பட்ட இடம் மட்டும் அப்படியே அரித்திருந்தது. அவள் தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்து, "என்னுதுதான் மாமா" என்றாள். எண்ணெய் போட்டு எவ்வளவு தேய்த்தும் அந்த ரேகை முழுதாகப் போகவில்லை.

ஸ்பாஞ்ச் பெட்டி பயணத்துக்கு மட்டும்தான். அது ஈரத்தைக் குடித்துவைத்து உலோகத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இப்போதெல்லாம் சுட்டு முடித்ததும் பழைய வேட்டித் துணியில் துளி எண்ணெய் தொட்டு இரும்புப் பகுதியைத் துடைக்கிறோம். பிறகு மர பீரோவில் நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை போடுகிறோம். பெல்லட் டப்பாவிலும் ஒரு சின்னப் பை உண்டு. ஈயம் இந்தக் காற்றில் வெள்ளை பூத்துவிடும். பூத்த பெல்லட்டைச் சுடாதீர்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது, குழந்தைகள் விஷயத்தில் இதில் கறாராக இருங்கள்.

2021-இல் இரண்டாவது துப்பாக்கி. அதுவும் உள்நாட்டுத் தயாரிப்புதான், ஆனால் பிசிபி வகை. பேரலுக்குக் கீழே இருக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும், ஒவ்வொரு முறையும் அளந்து கொஞ்சம் விடும். துள்ளல் போய்விட்டது. அட்டையில் குண்டுகள் சட்டென்று நெருங்கின. முதல் நாள் அவள் சுட்ட ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கியதைப் பார்த்து அக்கா அந்த அட்டையைப் பூஜை அறையில் வைத்துவிட்டாள்.

சிக்கல் காற்றில் வந்தது. பிசிபி வாங்குகிறவர்கள் விலையையும் துல்லியத்தையும் பார்க்கிறார்கள், காற்றை எங்கே நிரப்புவது என்று யோசிப்பதில்லை. நான் ஹேண்ட் பம்ப் வாங்கினேன். சைக்கிள் பம்ப் போலவே நின்றுகொண்டு அடிப்பது, ஆனால் 150 பார் தாண்டினால் உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும். அந்த உழைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாம் அடிப்பது நம் ஊர்க் காற்று. அதிலிருக்கும் ஈரமெல்லாம் அழுத்தத்தில் தண்ணீராகிச் சிலிண்டருக்குள் இறங்கும். பம்பில் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்னக் குப்பி இருந்தது. வாடைக்காற்று மாதங்களில் அது அரை மணி நேரத்துக்குத் தாங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வேகம் ஒழுங்கில்லாமல் போனது. ஒரு குண்டு மேலே, ஒன்று கீழே. சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து, வால்வின் முன்னால் வெள்ளைத் துணியை வைத்து மெதுவாகக் காற்றை விட்டேன். துணியில் டீக்கறை மாதிரி பழுப்பு வட்டம். இரும்புச் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடித்து, அந்தத் தூள் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் வரை போயிருக்கிறது. வெளியே பளபளவென்றுதான் இருந்தது. 200 பார் அழுத்தம் தாங்கும் பாத்திரம் உள்ளே அரித்திருந்தால் அது ஆபத்தான பொருள். யோசிக்காமல் தூக்கிப்போட்டேன்.

பக்கத்துத் தெருவில் சங்கு குளிக்கப் போகிறவர் ஒருவர், "எங்க படகுல கம்ப்ரசர் இருக்கே, அதுல அடிச்சுக்கலாமே" என்றார். நல்ல மனசு, ஆனால் அது ஆகாது. குழாய் வழியாக மூச்சுக்காற்று அனுப்பும் அந்த மிஷினின் அழுத்தம் இதற்குப் பக்கத்திலேயே வராது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரும் அப்படித்தான். கடைசியில் வழி காட்டியது ஸ்கூபா. ஸ்கூபா டாங்கில் நிரப்புவது மனிதர் சுவாசிக்கும் காற்று என்பதால், கம்ப்ரசரிலேயே ஈரத்தையும் எண்ணெயையும் வடிகட்டித்தான் நிரப்புவார்கள். டைவிங் கற்றுக்கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் ஒரு டாங்க் வாங்கி, அவரிடமே நிரப்பிக்கொள்கிறேன். சாதாரண ஸ்கூபா டாங்க் 200 பார் சொச்சம்தான். அதனால் 300 பார் கேட்கும் சிலிண்டர் உள்ள மாடல் பக்கம் நம் கரைக்காரர்கள் போக வேண்டாம், அதை முழுதாக நிரப்ப இங்கே வழி கிடைக்காது. நிரப்பும்போது வால்வை நூலளவு திறந்து மெதுவாக ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும்.

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலிண்டர் வாய், வால்வு, ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எதிலும் மிஷின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ படக் கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கலாம். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் ஒரு பூச்சு.

மூன்றாவதுக்கு 2023-இல் தயாரானோம். மாவட்ட அளவிலிருந்து அடுத்த படிக்குப் போக அவளுக்கு மேட்ச் ரைஃபிள் தேவைப்பட்டது. புதுசு இரண்டு லட்சத்தைத் தாண்டும். மதுரையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழகியவர்கள் பெரிய மனதோடு தங்கள் துப்பாக்கிகளைக் கையில் கொடுத்தார்கள். வால்தர் எல்ஜி 400, ஃபைன்வெர்க்பாவ் 800 இரண்டிலும் அவள் தலா நாற்பது குண்டு சுட்டாள். பத்து மீட்டரில் இரண்டும் ஒரே ஓட்டையில்தான் போடும், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. பத்துப் புள்ளி வட்டமோ அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. அந்தத் துப்பாக்கிகளின் துல்லியத்தை எங்களைப் போன்றவர்களால் எட்டவே முடியாது. அதனால் எது துல்லியம் என்று இந்த அளவில் கேட்பதில் பயனில்லை. எதைத் தோளில் வைத்ததும் கழுத்தைத் திருகாமல் கண் நேராக டயாப்டருக்குள் (பின்பக்கம் குறிபார்க்கும் துளை) போகிறது என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னேன். வட்டத்துக்குள் வட்டம் வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் துப்பாக்கியை அவளுக்காகத் திருத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளிலும் கன்னத்திலும் சாயும் பகுதி, மரக்கட்டையா அலுமினியக் கட்டையா என்ற கேள்வி வருகிறது. அலுமினியத்தில் பின்பகுதி நீளம், கன்னப்பலகை உயரம், கைப்பிடிச் சாய்வு எல்லாவற்றையும் சாவி போட்டு நகர்த்தலாம். வளரும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். இரண்டு வருடத்தில் அவளுக்காகப் பின்பகுதியை நான்கு முறை நீட்டியிருக்கிறேன். ஆனால் அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் கடற்கரையில் ஏமாறுவோம். அதில் பூட்டியிருப்பவை இரும்புத் திருகுகள். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், திருகு இறுகிப் பிடித்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் கன்னப்பலகைத் திருகு ஒன்று அசையவே மறுத்தது. ஒரு வாரம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, ஹேர் டிரையரில் சூடு காட்டித்தான் கழற்றினேன். அதைத் தொடாமல் ஏழு மாதம் விட்டது என் தவறு. இப்போது புரட்டாசிக்குள் எல்லாத் திருகையும் கழற்றி, துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி மாட்டிவிடுகிறேன். ஒரு மணி நேர வேலை.

மரக்கட்டையில் இந்த வம்பு குறைவு. அடுக்கு ஒட்டுப்பலகை என்பதால் மழையில் ஊதுவதும் இல்லை. தை மாதக் குளிரில் கன்னத்தில் சில்லென்று ஒட்டாது. வளர்ந்து முடிந்தவர்களுக்கு, ஒரே ஆள் சுடப்போகிற துப்பாக்கிக்கு, இந்தக் கரையில் நான் மரத்தைத்தான் சொல்வேன்.

கடைசியில் வாங்கியது ரேஞ்சில் சுட்ட இரண்டுமில்லை. அவற்றுக்கு முந்தைய தலைமுறை ஜெர்மன் ரைஃபிள், அலுமினியக் கட்டை, பழையது. விற்றவர் பேரல், டிரிகர் எல்லாம் காட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் சிலிண்டரில் பொறித்திருந்த தேதி கண்ணில் பட்டது. தயாரிப்பு தேதியிலிருந்து பத்து வருடம்தான் சிலிண்டருக்கு ஆயுள். எங்களுடையதற்கு ஐந்து மாதம் மீதி. தேதி முடிந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டிலும் பயன்படுத்தக் கூடாது. புது சிலிண்டர் வந்து சேரும் வரை இன்னொரு பிள்ளையிடம் இரவல் வாங்கிச் சுட்டாள். பழசு வாங்குகிறவர்கள் முதலில் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் படியுங்கள், பேரம் அதற்கப்புறம். அலுமினியச் சிலிண்டரா என்றும் கேளுங்கள். எடையும் குறையும், இரும்பைப்போல உள்ளே துருவும் வராது.

அந்த ரைஃபிளில் எங்களுக்கு அதிகம் உதவியது காற்றே செலவாகாமல் டிரிகரை மட்டும் அடித்துப் பழகும் வசதி. கூடத்திலிருந்து பின்கட்டு வரை சரியாகப் பத்து மீட்டர். தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் அட்டை. பள்ளிவிட்டு வந்ததும் தினம் முக்கால் மணி நேரம் குண்டில்லாமல் நிற்பாள். டிரிகர் நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் விடுபடும். ஸ்ப்ரிங் துப்பாக்கியில் பழகிய விரலுக்கு அது அடங்க மூன்று மாதம் ஆனது. நிஜக் குண்டு வாரத்தில் இரண்டு நாள்தான். டாங்க் ஒன்றரை மாதம் தாங்குகிறது.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சுடுகிறோம். பொடி மணல் டயாப்டர் ஓட்டையில் போய் உட்கார்ந்துவிடும்.

வருகிற ஜூனில் அவள் மதுரையில் கல்லூரி சேர்கிறாள். ரைஃபிள் அவளோடு போகிறது, கிரீஸ் டப்பாவும் சாவிக் கொத்தும் சேர்த்துக் கட்டித் தரப்போகிறேன். எனக்கென்று பழைய மரக்கட்டை ரைஃபிள் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 200 பார் அலுமினியச் சிலிண்டராக இருக்க வேண்டும், தேதியில் குறைந்தது ஆறு வருடம் மீதி இருக்க வேண்டும். போன வாரம் திருச்சியில் ஒன்று பார்த்தேன், சிலிண்டர் இரும்பு. விட்டுவிட்டு வந்துவிட்டேன்.