கண்காட்சிக்குச் சில்க்கியா, வரி ராக்கா?

செல்லமாக வளர்க்கும் கோழியை வேளாண் கண்காட்சியில் நிறுத்தலாம் என்று நினைப்பவர்களின் கண் முதலில் சில்க்கி மேல்தான் போகும். காரணம் விளக்க வேண்டியதில்லை. பஞ்சு மாதிரி இருக்கும், மடியில் வைத்தால் தூங்கிவிடும், குழந்தை தூக்கினாலும் சிறகடிக்காது. நான் சில்க்கியும் வளர்த்திருக்கிறேன், வரிபோட்ட பிளைமவுத் ராக் பேண்டமும் (பேண்டம் என்றால் குட்டி ரகம்) வளர்க்கிறேன். இப்போது கண்காட்சிக்குப் போவது ராக் மட்டும்தான். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், எனவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டுக்கும் ஒத்துப்போகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்கத் தரத்தில் இரண்டு பேண்டமும் ஒரே எடை: சேவல் ஏறத்தாழ ஒரு கிலோ, பெட்டை 900 கிராம். எனவே கூண்டு, தீவனம், வண்டியில் ஏற்றிப்போகும் பெட்டி எல்லாம் ஒன்றேதான். 1874-ல் அங்கே முதல் தரநூல் (ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் நூல்) வந்தபோதே சில்க்கியும் வரி ராக்கும் அதில் இடம்பெற்றுவிட்டன. நடுவர்களுக்கு இரண்டும் நன்றாகப் பழகிய இனங்கள் என்பதால், அரிய இனம் என்று யாரும் சலுகை காட்டப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிரிட்டனில் சில்க்கிக்குப் பெரிய ரகம், பேண்டம் என இரண்டுமே உண்டு. நடுவர் எந்தத் தரநூலை வைத்துப் பார்க்கிறார் என்பதை நுழைவுப் படிவம் நிரப்பும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

குணத்தில் சில்க்கிக்குத்தான் வெற்றி, அதில் பேச்சே இல்லை. முட்டையில் ராக். கண்காட்சிக்கு முட்டை முக்கியமில்லை என்று தோன்றும். அது வேறு வழியில் உள்ளே வருகிறது, பிறகு சொல்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது இறகு. கண்காட்சி நாள் வரைக்கும் இறகைக் காப்பாற்றக் கோழி எப்படி வாழவேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நான் பக்கம் மாறினேன்.

சாதாரணக் கோழியின் இறகை எடுத்து எதிர்ப்பக்கமாக நீவினால் இழைகள் பிரியும். திரும்ப நீவிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். இழைகளின் ஓரத்திலுள்ள நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அப்படி நடக்கிறது. சில்க்கியின் உடல் இறகில் அந்தப் பிடிப்பு கிடையாது, இழைகள் தனித்தனியாகவே நிற்கின்றன. அந்த மென்மை வருவது இதனால்தான். மழை பட்டால் தண்ணீர் வழிந்தோடாமல் நேரே தோல்வரை இறங்குவதும் இதனால்தான். போதாக்குறைக்குக் காலிலும் விரலிலும் இறகு உண்டு. ஈர மண்ணில் சற்று நேரம் கிளறினாலே சேறும் எச்சமும் அதில் கட்டிபிடித்துவிடும். விரல் இறகு ஒடிந்தால், அடுத்த உதிர்வு வரை அந்த ஒடிசலோடுதான் இருக்கவேண்டும். அடியோடு பிடுங்கிவிட்டால் புதியது வளர்ந்து முடிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

ஆகவே கண்காட்சிச் சில்க்கியைத் தரையில் விடமாட்டார்கள். கம்பி வலைத் தளம், அல்லது அடிக்கடி மாற்றப்படும் மரச்சீவல். தாடி இறகு நனையாமலிருக்கக் கிண்ணத்துக்குப் பதில் நிப்பிள் (கொத்தினால் சொட்டும் குழாய் முனை) வழியாகத் தண்ணீர். கண்ணை மறைக்கும் இறகுக் கொண்டையைச் சின்ன ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். இதையெல்லாம் சிரத்தையாகச் செய்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆசைக்கு வாங்கிய கோழிக்கு மாதக்கணக்கில் மண்ணே காட்டாமல், மண் குளியலே இல்லாமல் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

பிறகு குளியல். வரிசையாக மூன்று தொட்டி. முதலாவதில் வெதுவெதுப்பான தண்ணீரும் குழந்தைகள் ஷாம்பும். இரண்டாவதில் சோப்புப் பிசுக்கு போகக் கொஞ்சம் வினிகர். மூன்றாவதில் வெறும் தண்ணீர், சிலர் இதில் சில சொட்டு கிளிசரின் விடுவார்கள். நனைந்த சில்க்கியைக் கையில் ஏந்தினால், ‘இவ்வளவுதானா உடம்பு!’ என்று இருக்கும். கருநீலத் தோல் முழுக்கத் தெரியும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துக் காயவைக்கும்போது மேலே சீக்கிரம் பூத்துவரும், காய்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இறக்கைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தால் தோலில் இன்னும் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு போகும்வரை விடக்கூடாது. கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். ஒரு பறவைக்கே பொழுது ஓடிவிடும்.

ராக்கை நான் பெரும்பாலும் முழுசாகக் குளிப்பாட்டுவதே கிடையாது. ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகைக் கழுவுவேன். கால்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, செதிலுக்கடியில் அடைந்திருக்கும் அழுக்கைப் பல்குச்சியின் முனையால் எடுப்பேன். கொண்டையிலும் காலிலும் மெல்லிசாக எண்ணெய், அதிகமானால் தூசி ஒட்டும். முழுக் குளியல் அவசியப்பட்டால் மூன்று நான்கு நாள் முன்னதாக முடித்துவிட வேண்டும். அப்போதுதான் கோழி தன் எண்ணெயைத் தானே கோதித் தடவிக்கொண்டு பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரும். வெயில் அதிகம் பட்டால் வரியிலும் பித்தளைச் சாயல் ஏறும், அதனால் உச்சிப்பொழுதில் நிழல் தேவை. மற்ற நேரத்தில் மண்ணில் புரளலாம், புழு தேடலாம், சாரலில் நனையலாம். எழுந்து உதறிக்கொண்டால் முக்கால்வாசிச் சுத்தம் ஆகிவிடும்.

ராக்குக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. முட்டை விஷயம் இங்கேதான் வருகிறது. காலின் மஞ்சள் நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. பெட்டை முட்டையிடத் தொடங்கினால் அந்த நிறமி மஞ்சள்கருவுக்குத் திரும்பிவிடும், சில மாதத்தில் கால் வெளுத்துவிடும். முட்டை தொடங்கப்போகும் பருவத்து விடைக்கோழி கால் நிறத்தில் முன்னால் நிற்பது இதனால்தான். அனுபவமுள்ள நடுவர் இந்த வெளுப்பின் காரணத்தை அறிந்திருப்பார், இருந்தாலும் பக்கத்துக் கூண்டில் பளீர் மஞ்சள் கால் நின்றால் போட்டி இறுகிவிடும். சில்க்கிக்கு இந்தக் கவலை இல்லை. அதன் சிக்கல் வேறு: அடிக்கடி அடை உட்கார்ந்துவிடும், தேதி நெருங்கும் சமயத்தில் வயிற்று இறகு போய் உடம்பும் இளைத்து நிற்கும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவையும் உண்டு. ராக்கின் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னத் தூவி முளைத்திருந்தாலும், இறகில்லாக் கால் கொண்ட இனத்தில் அது தகுதியிழப்புக் குற்றம். பிடுங்கி மறைத்தால் அது ஏமாற்று. கொண்டையில் ஐந்து பற்கள் வரிசையாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் துருத்திக்கொண்டு கூடுதல் முனை வந்தால் அதுவும் வெளியே. சில்க்கியில் விரல் எண்ணிக்கைதான் முதல் சோதனை: ஒவ்வொரு காலிலும் ஐந்து. தலையைத் தொட்டுப் பார்க்கும்போது மென்மையாக இருங்கள். உச்சி புடைத்த சில்க்கிகளுக்கு மண்டையோடு முழுசாக மூடியிருக்காது. வேறு கோழிகளோடு விட்டால் ஒரு கொத்து போதும், ஆபத்தாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டைகளை வைத்து. வரி ராக் சேவலைப் போட்டிக்கு வளர்த்த அனுபவம் எனக்கு மிகக் குறைவு. அங்கே கணக்கே வேறு. வரியை உண்டாக்கும் மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் இயல்பாகவே சேவல் வெளிறித் தெரியும். தரநூலோ இருபாலும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தீவிரமாக இறங்கியவர்கள் சேவலுக்கு ஒரு வழி, பெட்டைக்கு ஒரு வழி என்று தனித்தனியாக இனவிருத்தி செய்கிறார்கள். வீட்டில் நான்கைந்து கோழி வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. பெட்டை வகுப்பிலும் விடைக்கோழி வகுப்பிலும் நின்றுகொள்வதுதான் என் வழி.

மூன்றாவதாக ஓல்ட் இங்கிலிஷ் கேம் பேண்டத்தைச் சொல்வார்கள். ஒட்டிய இறுக்கமான இறகு, வேலை ராக்கைவிடவும் குறைவு. ஆனால் அமெரிக்கத் தரத்தில் வயது வந்த சேவலின் கொண்டையையும் தாடைக்கடியில் தொங்கும் சதையையும் வெட்டியிருக்க வேண்டும். அதைக் கேட்டதும் நான் விலகிவிட்டேன். பெட்டையை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்பதை அவற்றை வளர்ப்பவர்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு கோணமும் உண்டு. பறவைக் காய்ச்சல் பரவினால் கண்காட்சி ஒரே அறிவிப்பில் நின்றுபோகும். 2015-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உயிர்ப்பறவைக் கண்காட்சிகளையே தடை செய்தார்கள். அப்படி ஒரு பருவம் போனால், மண் படாமல் காத்த சில்க்கிக்குப் பட்ட பாடெல்லாம் வீண். ராக் அன்றைக்கும் வழக்கம்போல முற்றத்தில் கிளறிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில்க்கிதான் வேண்டும் என்பவர்கள் வெள்ளையை விட்டுவிட்டு பார்ட்ரிட்ஜ் (கௌதாரி போன்ற பழுப்பு) நிறத்தையும், தாடியில்லாத வகையையும் பாருங்கள். கழுவும் வேலை ஓரளவு குறையும். எதை எடுத்தாலும் சில வாரம் முன்னிருந்தே கம்பிக் கூண்டில் கொஞ்ச நேரம் விட்டு, குச்சியால் மெல்லத் தொட்டு, தூக்கி இறக்கிப் பழக்குங்கள். திரும்பி வந்த பறவையை இரண்டிலிருந்து நான்கு வாரம் மந்தையோடு சேர்க்காதீர்கள். ஆசனவாய்ப் பக்கத்து இறகைப் பிரித்துப் பேனும் செள்ளும் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு உள்ளே விடுங்கள். சில்க்கியில் அந்த அடர்த்திக்குள் தேட இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.