உயர் அழுத்தத்தில் லேசர் மீயொலி: ஐந்து வருட சிமுலேஷன் அனுபவம்

லேசர் துடிப்பு பட்டதும் உலோகத்துக்குள் ஓடும் மீயொலி அலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் ஐந்து வருடமாக என் வேலை. சோதிக்கும் பொருள் திறந்த வெளியில் இருப்பதில்லை. டயமண்ட் ஆன்வில் செல்லில், இரண்டு வைர முனைகளுக்கு நடுவே பல கிகாபாஸ்கல் அழுத்தத்தில் இருக்கும் இரும்புத் தகடு அது. பயன்படுத்துவது பொதுவான ஒரு ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள், அதாவது பொருளை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது; வெப்பத்தையும் மீட்சி அலையையும் சேர்த்தே தீர்க்கும். அலை எப்போது வந்து சேரும் என்பதற்கு அதை முழுதாக நம்புகிறேன். எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கு இன்னும் நம்பவில்லை.

இதற்கு எதற்குச் சிமுலேஷன் என்று கேட்பவர்கள் உண்டு. பூமியின் உள்கருவும் வெளிக்கருவும் சந்திக்கும் ஆழத்தில் அழுத்தம் சுமார் 330 கிகாபாஸ்கல். நிலநடுக்க அலைகளின் வேகத்தை வைத்து அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல, அழுத்தத்தில் இரும்பின் ஒலி வேகம் தெரிய வேண்டும். ஆனால் செல்லுக்குள் இருக்கும் தகட்டின் தடிமன் சில பத்து மைக்ரான்தான். 20 மைக்ரானை நெட்டலை (போகும் திசையிலேயே பொருளை அழுத்தித் தளர்த்தும் அலை) மூன்றரை நானோ நொடிக்குள் கடந்துவிடும். எதிரொலி, குறுக்கலையாக (பொருளைப் பக்கவாட்டில் அசைக்கும் அலையாக) மாறியது, வைரத்தில் நுழைந்து திரும்பியது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். எந்தச் சிகரம் எந்த அலை என்று பிரித்துச் சொன்னது சிமுலேஷன்தான். இதற்காக மட்டுமே இந்தக் கருவியை வைத்துக்கொள்வேன்.

முதல் சிக்கல் மெஷ், அதாவது பொருளை எவ்வளவு சிறு எலிமென்டுகளாகப் பிரிப்பது என்பது. 500 மெகாஹெர்ட்ஸில் இரும்பில் அலைநீளம் ஏறக்குறைய 12 மைக்ரான். அதைப் பத்தாகப் பிரித்தால் போதும் என்று ஆரம்பித்தேன். அலைக்கு அது போதும், வெப்பத்துக்குப் போதாது. ஒரு நானோ நொடியில் இரும்புக்குள் வெப்பம் பரவுவது சுமார் 0.3 மைக்ரான். அந்த ஆழம் முழுக்க ஒரே எலிமென்டுக்குள் அடங்கிவிட்டதால் சிக்னலில் பொய்யான நடுக்கம் வந்தது. இப்போது லேசர் படும் இடத்தில் சில பத்து நானோமீட்டரில் தொடங்கி, உள்ளே போகப்போகப் பெரிதாக்குகிறேன். டைம் ஸ்டெப்பை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியை) மென்பொருளே தேர்ந்தெடுக்கும் வசதியையும் அணைத்து வைத்திருக்கிறேன். அதை நம்பியிருந்தபோது கூர்மையான துடிப்புகள் மழுங்கிப் போயின.

நான் அதிக காலம் தவறு செய்தது எல்லை நிபந்தனையில், அதாவது தகட்டின் முகம் எதைத் தொட்டிருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்வதில். லேசரால் மேற்பரப்பைச் சூடாக்கி மீட்சி அலை உண்டாக்குவதை ஆய்வாளர் ரிச்சர்ட் வைட் 1963இல் விளக்கினார். அதன் பிறகு வந்த பாடங்களில் பெரும்பாலும் மேற்பரப்பு திறந்திருக்கும். சூடான இடம் பக்கவாட்டில்தான் தள்ளும். நேர் உள்நோக்கிப் போகும் நெட்டலை பலவீனமாக இருக்கும். அந்தக் கணக்கு மாதிரியையே நானும் எடுத்துக்கொண்டேன். சோதனையிலோ நேர் அச்சில் நெட்டலை தெளிவாக வந்தது. காரணம் எளிது: இரும்பின் முகத்தை வைரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. விரிய முயலும் இரும்பு வைரத்தை உந்த, எதிர் உந்தல் செங்குத்தாக உள்ளே பாய்கிறது. எல்லையை இரண்டு பொருள்கள் ஒட்டிய முகமாக மாற்றிய அன்றே வடிவம் பொருந்த ஆரம்பித்தது.

அதோடு வெப்பத்தையும் திருத்த வேண்டியிருந்தது. வைரம் அசாத்தியமான வெப்பக் கடத்தி. இரண்டும் முழுதாகத் தொட்டுக்கொண்டிருப்பதாக வைத்தால், சாதாரண அழுத்த மதிப்புகளின்படி முக்கால் பங்குக்கு மேல் வெப்பம் வைரத்துக்கே போய்விடும். உண்மையான தொடுகை அப்படிக் கச்சிதமாக இருக்காது. அலையின் உயரத்தை நான் நம்பாததற்கு முதல் காரணம் இதுதான்.

அழுத்தத்தைச் சேர்ப்பதில் இன்னொரு பெரிய தவறு செய்தேன், அதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின. செல்லில் இருக்கும் அழுத்தத்தில் அளந்த பருமக் குணகத்தையும் (அமுக்கத்தை இரும்பு எதிர்க்கும் அளவு) சறுக்குக் குணகத்தையும் (பக்கவாட்டுச் சறுக்கலை எதிர்க்கும் அளவு) கொடுத்தேன். அப்புறம் மென்பொருளில் ஆரம்பத் தகைவு (தொடக்கத்திலேயே பொருளுக்குள் இருக்கும் அழுத்தம்) என்ற பகுதியிலும் அதே அழுத்தத்தை இட்டேன். அளந்த குணகங்களுக்குள் அழுத்தத்தின் பங்கு ஏற்கெனவே இருக்கிறது. நான் அதை இரண்டு முறை எண்ணிவிட்டேன். நெட்டலை கொஞ்சம் மெதுவானது. சறுக்குக் குணகம் சிறியது என்பதால் குறுக்கலை அதைவிட அதிகமாக மெதுவானது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் இந்த இடத்தைச் சரிபாருங்கள்.

இரும்புக்கென்று தனியாக ஒரு விஷயம்: சுமார் 13 கிகாபாஸ்கலில் அதன் படிக அமைப்பே மாறிவிடும், பருமனும் 5 சதவீதம் போலச் சுருங்கும். அதற்குக் கீழே உள்ள மதிப்புகளை நேர்கோட்டில் நீட்டி 20 கிகாபாஸ்கலுக்குப் போகக் கூடாது. நான் இரண்டு தனி அட்டவணைகள் வைத்திருக்கிறேன், மாற்றம் நடக்கும் பகுதியில் கணக்கே போடுவதில்லை.

மற்றவற்றில் பெரிய குறை இல்லை. ஓரத்தில் அலையை விழுங்கும் அடுக்கு நன்றாக வேலை செய்கிறது. லேசர் புள்ளி வட்டமாக இருந்தால் அச்சைச் சுற்றி எல்லாம் ஒன்றே என்று கொள்ளும் அச்சுச் சமச்சீர் மாதிரியே போதும், முப்பரிமாணத்துக்கு நான் அவசியமில்லாமல் போவதில்லை.

இன்னும் ஒரு குறை தீரவில்லை. மென்பொருள் தருவது முகத்தின் இடப்பெயர்ச்சி. நாம் அளப்பதோ வைரத்தின் வழியாகப் போய்த் திரும்பும் ஒளியை. வைரத்துக்குள் ஓடும் அலை அதன் ஒளிவிலகல் எண்ணையும் மாற்றுவதால் அதுவும் சிக்னலில் கலந்துவிடுகிறது. வைரத்தில் கிடைக்கும் திரிபை (அது எவ்வளவு நசுங்கி நீள்கிறது என்ற அளவை) ஒளிப் பாதை நெடுகக் கூட்டி அந்தப் பங்கைத் தனியாகக் கணக்கிடும் நிரலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்தால்தான் உயரங்களை ஒப்பிட்டுப் பேச முடியும்.