வாய்பாடா, அட்டவணையா, மாண்டி கார்லோவா? விண்வெளிப் புரோட்டான் மோதல்களின் இரண்டாம்நிலைத் துகள்களைக் கணக்கிடும் வழிகள்

விண்வெளியில் விரையும் புரோட்டான்கள் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வளிமத்தில் மோதும்போது பையான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் பிறந்து, காமா கதிர், நியூட்ரினோ, எலக்ட்ரான், பாசிட்ரான் எனச் சிதைகின்றன. அந்த வளிமத்தில் கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு இருந்தாலே அது சராசரி அடர்த்திதான். மின்னூட்டம் கொண்ட பையானின் ஆயுளோ 26 நானோநொடி. பிறந்த பையான் எதன்மீதும் மோதாமல் சிதைந்துவிடும். பூமியின் வளிமண்டலத்தில் ஒரு துகள் பலவாகப் பெருகும் பொழிவுக்குத் தேவைப்படும் அடுக்குக் கணக்கு இங்கே வேண்டாம். புரோட்டான் நிறமாலை (எந்த ஆற்றலில் எத்தனை புரோட்டான்), மோதல் குறுக்குவெட்டு (மோதும் வாய்ப்பின் அளவு), ஒரு மோதலில் கிடைக்கும் துகள்களின் ஆற்றல் பரவல், இந்த மூன்றையும் பெருக்கித் தொகையிட்டால் போதும். தகராறெல்லாம் மூன்றாவதில்தான்.

கெல்னர், அஹரோனியான், புகயோவ் ஆகியோரின் 2006 வாய்பாடு எழுத எளியது, ஓட விரைவானது. 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (இனி ஜிஇவி) மேலே காமா, நியூட்ரினோ இரண்டுக்கும் முதலில் இதைத்தான் எடுப்பேன். அதற்குக் கீழே, புரோட்டானின் இயக்க ஆற்றலில் 17 சதவீதம் பையானுக்குப் போகிறது என்ற தோராயத்துக்கு மாற வேண்டும். அந்தத் தோராயத்தின் பெருக்கெண், 100 ஜிஇவியில் இரு பகுதிகளும் ஒட்டும்படி சரிசெய்யப்படுவது. புரோட்டான் நிறமாலையின் சரிவு (ஆற்றல் கூடக்கூட எண்ணிக்கை குறையும் வேகம்) 2.0 என்று ஒட்டிவிட்டு, பிறகு சரிவை மட்டும் 2.7 ஆக்கினால் வளைவில் 100 ஜிஇவியில் படிக்கட்டு தெரியும். அதைப் புதிய இயற்பியல் என்று எண்ணிவிட வேண்டாம். இன்னொன்று: துகளின் ஆற்றல் புரோட்டானுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் வாய்பாடு தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. நிறமாலை தட்டையாக இருந்து பிஇவி (பத்து லட்சம் ஜிஇவி) வரை நீளும்போது இந்தப் பகுதியின் பங்கு கூடும்; செங்குத்தான நிறமாலையில் அவ்வளவாக உறுத்தாது.

1 ஜிஇவிக்குக் கீழே காமா வேண்டுமென்றால் கெல்னரை விட்டுவிடுங்கள். நடுநிலைப் பையான் பிறக்கப் புரோட்டானுக்கு 0.28 ஜிஇவி இயக்க ஆற்றலாவது வேண்டும். அதிலிருந்து வரும் காமா நிறமாலை 67.5 எம்இவியை (ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி) மையமாகக் கொண்டு மடக்கை அளவில் சமச்சீராக இருக்கும். ஐசி 443, டபிள்யூ44 என்ற சூப்பர்நோவா எச்சங்களில் ஃபெர்மி தொலைநோக்கிக் குழு 2013இல் காட்டிய பையான் தடயம், 200 எம்இவிக்குக் கீழே காமா சரிகிற விதம்தான். கஃபெக்ஷியு குழுவின் 2014 வாய்பாடு அந்தத் தொடக்க ஆற்றலிலிருந்தே வேலை செய்யும். கீழ்ப்பகுதி ஆய்வகத் தரவுகளின்மீது நிற்கிறது. உயர் ஆற்றலுக்கு, மோதலைக் கணினியில் நிகழ்த்தும் மாதிரிகளான ஜீயன்ட்4, பித்தியா 8, சிபில், கியூஜிஎஸ்ஜெட் என நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான்கையும் மாற்றி மாற்றி ஓட்டினால், மாதிரியால் வரும் பிழையின் அளவு செலவில்லாமல் கையில் கிடைத்துவிடும். ஆனால் காமா மட்டும்தான். பாசிட்ரானும் எலக்ட்ரானும் தனித்தனியே வேண்டுவோர் கமாயே குழுவின் 2006 வாய்பாட்டைப் பார்க்கலாம்.

எதிர்புரோட்டானுக்கு இவை எதுவும் உதவாது. முன்பே கணக்கிட்டு வைத்த ஏஏஃப்ராக் அட்டவணைகள் எதிர்புரோட்டான், எதிர்நியூட்ரான் இரண்டையும் தருகின்றன. ஹீலிய மோதல்களும் உண்டு. 5 ஜிஇவிக்குக் கீழே அட்டவணைகள் கிடையாது. எதிர்புரோட்டான் பிறக்கவே 5.6 ஜிஇவி இயக்க ஆற்றல் தேவை என்பதால் அதற்கு இது குறையே இல்லை. காமாவுக்குத்தான் கீழே வேறொன்றை ஒட்ட வேண்டும். எதிர்நியூட்ரானும் சிதைந்து எதிர்புரோட்டானாகிவிடும்; அதைக் கூட்ட மறந்தால் விடை ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

வேறு வழியே இல்லாதபோதுதான் மாண்டி கார்லோ, அதாவது மோதல்களைச் சீரற்ற எண்களால் ஒவ்வொன்றாகக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது. பித்தியாவை அப்படியே ஓட்டினால் மூன்று இடங்களில் இடறும். அதன் வழக்கமான அமைப்பு, நிறைமையச் சட்டத்தில் (மோதும் இரண்டின் நிறைமையத்திலிருந்து பார்க்கையில்) 10 ஜிஇவிக்கு மேலேதான் இயங்கும். நிலையான இலக்கின்மீது மோதும் புரோட்டானுக்கு அது சுமார் 52 ஜிஇவி. கெல்னர் தடுமாறும் பகுதியில் பெரும்பங்கில் இதுவும் கைகொடுக்காது. அடுத்தது, மோதுகருவிக்காக எழுதப்பட்டதால் மின்னூட்டப் பையான், கேயான், மியூவான், நியூட்ரான் எல்லாம் நிலையானவை என்றே அது எடுத்துக்கொள்ளும். துகள் எண்கள் 211, 321, 130, 13, 2112 ஆகியவற்றுக்குச் சிதைவைத் திறந்துவிடாவிட்டால் நியூட்ரினோ நிறமாலை ஏறக்குறைய வெறுமையாகவே வரும். மூன்றாவது, புதிய துகள்கள் பிறக்கும் மீட்சியிலா மோதல்களை மட்டும் ஓட்டிவிட்டு மொத்தக் குறுக்குவெட்டால் பெருக்குவது. 100 ஜிஇவி அருகில் மொத்தம் 38 மில்லிபார்ன் (குறுக்குவெட்டின் அலகு), மீட்சியிலாதது 31. விடை 20 சதவீதத்துக்கு மேல் ஊதிவிடும்.

எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். 158 ஜிஇவி புரோட்டானில் நூறு மோதலுக்குச் சுமார் நான்கு எதிர்புரோட்டான். 20 ஜிஇவி பக்கம் போனால் அது இன்னும் வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே லட்சம் மோதல் ஓட்டியும் வரைபடம் பல்லிளிக்கும்.

எந்த வழியானாலும் ஹீலியம் காத்திருக்கிறது; விண்வெளிக் கதிரிலும் வளிமத்திலும் அதுவும் கலந்திருக்கிறது. வெறும் புரோட்டான் கணக்கைச் சுமார் 1.8ஆல் பெருக்குவது வழக்கம். நைமா போன்ற ஆயத்தக் கணினி நிரல்களில் இந்தப் பெருக்கம் உள்ளேயே இருக்கலாம். கையாலும் பெருக்கினால் 3.2 ஆகிவிடும். ஓட்டும் முன் ஒரே ஆற்றலில் ஒரு சோதனை போதும்: வெளிவரும் எல்லாத் துகள்களின் ஆற்றலையும் கூட்டி, உள்ளே வந்த புரோட்டானின் ஆற்றலோடு ஒப்பிடுங்கள். அதில் காமாவின் பங்கு ஆறில் ஒன்றை ஒட்டி வராவிட்டால், சிதைவுப் பட்டியலை முதலில் திறந்து பாருங்கள்.