ஹங்கேரியப் பாடநூல்: ஒலிப்பதிவு அருமை, வினைச்சொல் பாடம் கொடுமை

ஹங்கேரிய மொழி படிக்க இந்தத் தொகுப்பை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஏ1 எனப்படும் தொடக்க நிலைப் பாடநூல், பயிற்சி ஏடு, ஒலிப்பதிவு மூன்றும் சேர்ந்தது. 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன்.

ஒலிப்பதிவுக்கு முழு மதிப்பெண். முதல் அசையில் விழும் அழுத்தமும் குறில் நெடிலும் பிசகாமல் கேட்கின்றன. 'கொர்' வயது, 'கோர்' நோய். நம் காதுக்கு இதில் சிரமமே இல்லை.

எரிச்சல் முழுக்க வினைச்சொல்லில்தான். 'கடிதம் படிக்கிறேன்', 'கடிதத்தைப் படிக்கிறேன்' என்ற வேறுபாட்டை நாம் பெயரில் காட்டுகிறோம். ஹங்கேரியர்கள் வினையில் காட்டுகிறார்கள். 'லெவெலெத் ஒல்வஷொக்' என்றால் ஏதோ கடிதம். 'அ லெவெலெத் ஒல்வஷொம்' என்றால் இன்ன கடிதம். நம் 'ஐ' போன்ற 'த்' உருபு இரண்டிலும் உண்டு; மாறுவது வினையின் கடைசி எழுத்து. புத்தகமோ முதல் பாதி முழுக்க 'க்' வரிசையையே (ஏதோ ஒன்று) ஓட்டிவிட்டு, 'ம்' வரிசையைப் (இன்னது) பிற்பாதியில் கொண்டுவருகிறது. அதற்குள் நாக்கு 'க்'கில் ஊறிப்போகிறது.

போதாக்குறைக்கு, உணவகப் பாடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. 'காபி குடிக்கிறேன்' என்பது 'காவேத் இஸொம்'. குடி, உண் என்ற வினைகளுக்குத் தன்மை ஒருமையில் இரண்டு வரிசைக்கும் 'ம்'தான். படிப்பவர் 'ம்' என்றாலே 'நான்' என்று பதித்துக்கொள்கிறார். இறந்தகாலத்திலும் தன்மை ஒருமையில் வேறுபாடு தெரியாது. அதனால் படர்க்கையில் பழகுங்கள்: 'காவேத் இஸிக்' (காபி குடிக்கிறார்), 'அ காவேத் இஸ்ஸ' (அந்தக் காபியைக் குடிக்கிறார்).

பத்து வினைகளை எடுத்து, அட்டையின் ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் ஹங்கேரியம் என்று ஜோடி ஜோடியாக எழுதிக்கொள்ளுங்கள். 'ஐ' வந்தால் 'ம்' என்று கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. மனிதருக்கு நாம் பெரும்பாலும் 'ஐ' சேர்ப்போம். ஆனால் 'ஒரு ஆளைப் பார்க்கிறேன்' அங்கே 'க்' வரிசை, 'லாத்தொக் எஜ் எம்பெர்த்'. 'என்னைப் பார்க்கிறார்' என்பதும் அதே வரிசைதான், 'லாத் எங்கெம்' (படர்க்கை என்பதால் 'க்' ஒலி வராது). 'நான் உன்னைப் பார்க்கிறேன்' மட்டும் தனி ரகம், ஒரே சொல்லில் 'லாத்லக்'. இந்த மூன்றும் புத்தகத்தில் மூன்று மூலைகளில் கிடக்கின்றன.

ஆங்கிலேயருக்காகப் பக்கம் பக்கமாக விளக்கியிருப்பதை நாம் தாவிவிடலாம். 'நெக்கெம் வன் ஹாஸம்' அப்படியே நம் 'எனக்கு வீடு இருக்கு'. வீட்டோடு 'என்' என்று பொருள் தரும் விகுதியும் சேரும், அதை விட்டுவிடக்கூடாது. எண்ணுக்குப் பின் பன்மை கிடையாது. 'நாலு இட்லி' என்று சொல்லும் நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். அந்த இடத்தில் வரும் சந்தோஷமே தனி!

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இருந்தாலும் வாங்குங்கள், இவ்வளவு நிதானமான, தெளிவான ஒலிப்பதிவு சுலபத்தில் கிடைக்காது. 'ம்' வரிசைப் பாடத்தை மட்டும் முன்னே இழுத்து, உணவகத்துக்குள் நுழையும் முன்பே முடித்துவிடுங்கள்.