காதுக்குப் பின்னால் மாட்டும் செவித்துணைக் கருவி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

சேலம் அம்மாபேட்டையில், வீட்டோடு ஒட்டிய தறிக்கூடத்தில் 29 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவன் நான். 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், என் 51-ஆவது வயதில், இரண்டு காதுகளுக்கும் கருவி வாங்கினேன். அதன்பிறகு தெருவிலும் நூல் கடையிலும் எத்தனையோ தறிக்காரர்கள் என்னை ஓரமாக அழைத்து, 'அது போட்டால் நிஜமாகவே கேட்கிறதா' என்று தணிந்த குரலில் விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேரில் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனென்றால் என் காதுக்குப் பொருந்தியது இன்னொருவர் காதுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. நான் கொடுத்த 58,000 ரூபாயில் பெரும்பகுதி கருவிக்குத்தான் போனது என்றாலும், அதனால் பயன் விளைந்தது அதைப் பொருத்திச் சீர்செய்து கொடுத்த ஆடியாலஜிஸ்ட் என்னும் செவித்திறன் நிபுணரின் வேலையால்தான் என்பதே என் முடிவு.

என் காது மந்தமாகிவிட்டது என்பதை நான் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. பேருந்து ஹாரன் கேட்டது, கோயில் மணி கேட்டது, யாராவது பேசினால் பேசுகிறார்கள் என்பதும் தெரிந்தது. சொல்தான் பிடிபடவில்லை. சொல்லுக்கு ஓசையும் கனமும் தருபவை உயிரெழுத்துகள், அவை என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வல்லின மெய்களின் ஒலி மிக மெல்லியது, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில் அமைவது. தறிச் சத்தம் முதலில் பறித்துக்கொள்வதும் அந்தப் பகுதியைத்தான். கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் எனக்கு 'அடை' என்றே கேட்டன. மிச்சத்தை உதட்டைப் பார்த்தும், பேச்சின் போக்கை வைத்தும் ஊகித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் உதடு தெரியாது. நூல் வியாபாரி 'இருபது பண்டல்' என்று சொன்னதை 'அறுபது' என்று எடுத்துக்கொண்டு சரி சொல்லிவிட்டேன், லாரி வந்து வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வியாபாரப் பேச்சு முழுவதையும் மகனிடம் ஒப்படைத்தேன். அடுத்து தறி உரிமையாளர்கள் கூட்டத்திற்குப் போவதை நிறுத்தினேன், அதன்பின் கல்யாணங்களுக்கும் போகவில்லை. ஐம்பது வயதிலேயே திண்ணையோடு ஒதுங்கிவிடுவது என்ற முடிவுக்கு நான் ஏறக்குறைய வந்திருந்தேன்.

முதலில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். பரிசோதனை எதுவுமின்றி, ஒரு விளம்பரத்தைப் பார்த்து, 2,500 ரூபாய்க்கு ஒரு கருவியைத் தபாலில் வரவழைத்தேன். அது வெறும் ஒலிபெருக்கி. எனக்கு நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளையும் கேட்காத உயர்ந்த ஒலிகளையும் ஒரே அளவில் பெருக்கியது. அடுக்களையில் தட்டு விழுந்தால் தலைக்குள் இடி இறங்கியது, பேச்சு மட்டும் முன்போலவே புரியவில்லை. பத்து நாளில் கழற்றி வைத்துவிட்டேன். இதனால் 'கருவி போட்டும் பயனில்லை' என்ற எண்ணம் மனத்தில் விழுந்து, சரியான இடத்திற்குப் போவது மேலும் ஓராண்டு தள்ளிப்போனது. பணத்தை விட அந்த ஓராண்டே எனக்குப் பெரிய நட்டம்.

சரியான வரிசை இதுதான். முதலில் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, குறும்பி அடைப்போ, செவிப்பறையில் ஓட்டையோ, சீழோ இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பின்பு நான்கு ரோட்டுக்கு அருகில் உள்ள ஒரு செவித்திறன் மையத்திற்குச் சென்றேன். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா என்று கேட்டு, பதிவுச் சான்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே அது சுவரிலேயே மாட்டியிருந்தது. சத்தம் புகாத சிறிய அறையில் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலி முதல் 8000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, மிக மெல்லியதாக எந்த அளவில் கேட்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைபடம் வந்தது. 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபலிலேயே கேட்ட எனக்கு, 4000 ஹெர்ட்ஸில் வலது காதுக்கு 65, இடது காதுக்கு 70 வரை ஒலியைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கி, 8000-இல் சற்றே மேலேறியது.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று என்னைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் அம்மையாரிடம் சொல்லியிருக்கவில்லை. வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "ஐயா, தறியா, மில்லா?" என்று கேட்டார். என் வாழ்நாள் தொழில் ஒரு தாளில் பள்ளமாக எழுதப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் பேரொலியால் சிறிது சிறிதாக மடிகின்றன என்றும், மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை என்றும், ஆகவே இதற்கு மருந்து கிடையாது, கருவிதான் வழி என்றும் அவர் ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். விலை உயர்ந்த கருவியைத் தலையில் கட்ட முயலவில்லை. என் வரைபடத்துக்கு நடுத்தர வகையே போதும் என்றார்.

பொருத்திய நாளில் ஒன்றரை மணி நேரம் ஆனது. செவிக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, கருவியின் ஒலி செவிப்பறைக்கு அருகில் எந்த அளவில் போய்ச் சேர்கிறது என்று அளந்து அளந்து திருத்தினார். இந்த அளவீட்டைச் செய்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். இதைச் செய்யாமல் கொடுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றது. முதல் அரை மணி நேரம் என் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்டது. அதற்கும் கருவியில் காதுக்குள் செல்லும் முனையை மாற்றிக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது பேத்தி ஓடி வந்தாள். அவள் காலில் இருந்தது செவ்வாய்ப்பேட்டையில் நானே வாங்கிக் கொடுத்த முத்துக் கொலுசு. வாங்கிய அன்று கடைக்காரர் அதைக் காதருகே ஆட்டிக் காட்ட, எதுவும் கேட்காமலேயே 'நல்ல ஓசை' என்று தலையசைத்தவன் நான். அது இப்போது கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாக, வாசற்படி வரை நெருங்கிவரக் கேட்டது. அவளை மறுபடி தெரு முனைக்குப் போய் ஓடிவரச் சொன்னேன். நான்கு முறை ஓடிவந்தாள்.

அதற்குப் பின் எல்லாம் இனித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதல் மாதம் கடினமானது. பல ஆண்டுகளாகக் கேட்டிராத ஒலிகளை மூளை மறுபடி பழக வேண்டியிருக்கிறது; மின்விசிறி, செய்தித்தாள் புரட்டுவது, செருப்புச் சத்தம் எல்லாம் முந்திக்கொண்டு வந்தன. களைத்துப்போய்க் கழற்றி வைத்துவிடுவேன். இரண்டாவது முறை மையத்துக்குச் சென்றபோது கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்த ஆடியாலஜிஸ்ட், "ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் போட்டிருக்கீங்க ஐயா" என்றார். எத்தனை மணி நேரம் அணிந்தோம் என்பதைக் கருவியே பதிந்து வைக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதன்பின் வாரந்தோறும் சிறிது கூட்டி, மூன்றாம் மாதத்தில் எழுந்தது முதல் படுக்கும் வரை அணியப் பழகினேன். அந்த மூன்று மாதத்தில் ஐந்து முறை அழைத்துச் சீர்செய்தார்கள், கூடுதல் கட்டணம் வாங்கவில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, என்னுடையது ஆரஞ்சு ஒட்டுத்தாள் கொண்ட 13-ஆம் எண் துத்தநாகக் காற்று பேட்டரி. ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரம் வருகிறது. ஈரம்தான் இதன் எதிரி. உறவினர் இல்லத் திருமணத்திற்காக ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கியபோது, பனிமூட்டத்தில் கருவியின் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டு இடது பக்கம் நின்றுபோனது. இரவு முழுவதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தபின் காலையில் சரியானது. அந்த டப்பாவை வாங்கும்போதே கொடுத்திருக்க வேண்டும். தனியாக வாங்க வேண்டியிருந்தது ஒரு குறைதான். மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் பேசுவது இன்றும் பாதிதான் புரிகிறது, அதற்கு எந்த விலைக் கருவியும் முழுத் தீர்வு தராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தறி நின்ற இரவுகளிலும் தறி ஓடுவது போல் காதுக்குள் இருந்த இரைச்சல், கருவி போட்டிருக்கும் நேரத்தில் வெகுவாக அடங்கியிருக்கிறது.

ஆனால் என் வாழ்க்கையைத் திருப்பியது கருவி மட்டுமில்லை, அந்த வரைபடமும்தான். என்னோடு வந்திருந்த மகனையும் ஒருமுறை உட்காரச் சொல்லி ஆடியாலஜிஸ்ட் பரிசோதித்தார். அவனுக்கு வயது 26, காதில் ஒரு குறையும் இல்லை என்றே இருவரும் நினைத்திருந்தோம். அவன் கோட்டிலும் அதே 4000 ஹெர்ட்ஸில் ஒரு சிறு பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை. பேத்தி உறங்கும் அறைக்கும் தறிக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர் என்பது அன்றிரவு முழுவதும் என் நினைவில் இருந்தது. தொழிற்சாலை விதிகளின்படி நாளுக்கு 8 மணி நேரத்திற்கு அப்போது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 90 டெசிபல், 95 என்றால் 4 மணி நேரம்தான். என் தறிக்கூடத்தில் கைப்பேசியில் அளந்தபோது 97 காட்டியது. நாங்கள் ஓட்டியதோ 12 மணி நேரம்.

எட்டுத் தறிகளில் இரண்டை விற்று, அந்தப் பணத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் வாடகைக் கூடம் எடுத்து மற்ற ஆறையும் அங்கே மாற்றினேன். நூல் வியாபாரிகளோடு பேசும் பொறுப்பை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். மகன் காதைப் பொத்தும் உறை மாட்டிக்கொண்டுதான் தறிக்கு அருகில் போகிறான். கூடத்தின் வாசலில், ஊடை நூல் அடுக்கிய பலகைக்குப் பக்கத்தில், நுரைக் காதடைப்பான்கள் நிறைந்த டப்பா இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் அதை எடுத்து, இரு விரலால் உருட்டி, காதில் செருகிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். நான் உள்ளே போகும்போது கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நானும் அந்த டப்பாவிலிருந்து இரண்டு எடுத்துக்கொள்கிறேன். மகனுக்கு ஆண்டுதோறும் அதே மையத்தில் பரிசோதனை செய்கிறோம். மூன்று ஆண்டுகளாக அவன் பள்ளம் ஆழமாகவில்லை.