பூம்புகாரா, மங்கலதேவி மலையா?

சிலப்பதிகாரத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு மூடி வைத்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மறுபடி எடுத்துப் படித்தவன் நான். படித்த சூட்டோடு குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு பூம்புகார் போனேன். அதற்கடுத்த சித்திரையில் குமுளிக்கு மேலே இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில். ஒன்று கதை தொடங்குகிற ஊர், இன்னொன்று கண்ணகி விண்ணேறியதாகச் சொல்லப்படுகிற மலை. "ரெண்டுல எதுக்குப் போகலாம்?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் அரைமணி நேரம் பேசி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போகிற வசதியைப் பார்த்தால் போட்டியே இல்லை, பூம்புகார்தான். சீர்காழியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், பஸ் உண்டு, வருஷம் முழுக்கப் போகலாம். சிக்கல் போய் இறங்கின பிறகுதான். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், நடுவில் நாளங்காடி என்கிற பகல் சந்தை, கப்பலில் வந்த குதிரைகள், மூட்டை மூட்டையாக மிளகு என்று மனசுக்குள் ஒரு பட்டினத்தையே கட்டிக்கொண்டு போனால், எதிரே நிற்பது 1973-இல் திறந்த ஏழுநிலை மாடம். சிலப்பதிகாரக் கலைக்கூடம். உள்ளே கதை முழுவதையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிற்ப வேலையைக் குறை சொல்லமாட்டேன், ஒவ்வொன்றாக நின்று பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதைச் சென்னையில் வைத்திருந்தாலும் இதே சிற்பம்தானே? இலஞ்சி மன்றம், பாவை மன்றம் என்று வெளியே கட்டி வைத்திருப்பவையும் அப்படித்தான், காப்பியத்தில் வரும் பெயர், நம் காலத்துச் சிமெண்டு. (நான் பார்த்தது புதுப்பிக்கும் வேலைகளுக்கு முன்னால் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கடற்கரையில் என் மகள் கேட்டாள், "அப்பா, ஊரு எங்க?" கடலைக் காட்டினேன். "எல்லாம் அதுக்குள்ள போயிருச்சு." கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துவிட்டு, "அப்ப நாம எதைப் பாக்க வந்தோம்?" என்றாள். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அவர் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறவராக இருக்கும்.

பூம்புகாரின் பெயரை ஏற்றிவிட்டது பாடப்புத்தகமும் 1964-இல் வந்த சினிமாவும்தான். அதை நம்பிப் போகிறவர்கள் கலைக்கூடத்தையும் கடலையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லப்பா" என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கொஞ்சம் தள்ளிக் கீழையூரில் இருக்கிறது. 1960-களில் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் கட்டிய படகுத்துறை ஒன்று, படகைக் கட்டும் மரத்தூண்களோடு வெளிப்பட்டது. ஏறத்தாழ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்கிறார்கள். பார்க்க ஒரு பெரிய குழி மாதிரித்தான் இருக்கும், செல்ஃபிக்கு லாயக்கில்லை. ஆனால் பட்டினம் நிஜமாகவே இருந்தது என்று எனக்கு உறைத்தது கலைக்கூடத்தில் இல்லை, அந்தக் குழியின் விளிம்பில்தான். பல்லவனேஸ்வரம் கோயிலுக்குப் பக்கத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

அப்படியே திருவெண்காடு. கணவனைத் திரும்பப் பெறச் சோமகுண்டம், சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமன் கோட்டத்தைத் தொழலாம் என்று தோழி தேவந்தி சொல்ல, கண்ணகி "பீடன்று" (அது பெருமையில்லை) என்று ஒரே சொல்லில் முடிப்பாளே, அந்தக் குண்டங்கள் இந்தக் கோயில் குளங்கள்தான் என்பார்கள். நான் போன அன்று பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். கண்ணகி மறுத்த குளம் என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி மலை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் அனுமதி. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் இந்தக் கெடுபிடி. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்துதான் விழாவை நடத்துகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் சுமார் 14 கிலோமீட்டர், இல்லையென்றால் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டு வழியாக ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். நான் ஜீப்பில் ஏறினேன், பாதி வழியிலேயே நடந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது. ரோடு என்று ஒன்று கிடையாது, கல்லும் புழுதியும்தான், தலை கூரையில் இடித்த இடம் இரண்டு நாள் வலித்தது. பிளாஸ்டிக் பாட்டிலோடு விடமாட்டார்கள், தண்ணீருக்கு வேறு பாத்திரம் கொண்டுபோங்கள். மேலே வெயிலில் மணிக்கணக்கில் வரிசை.

இத்தனைக்கும் பிறகு அங்கே இருப்பதும் இடிபாடுதான்! சரிந்த சுவர், பெயர்ந்து கிடக்கிற கற்கள், அன்றைக்கு மட்டும் பூ வைத்து அலங்கரித்த அம்மன். சேர மன்னன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் கண்ணகிக்குச் சிலை வைத்து எடுத்த கோயில் இதுதானா என்பது தீராத வழக்கு, கேரளத்துக் கொடுங்கல்லூர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கோயில்தான் என்பார்கள். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடிக்கொண்டே போய், 1963-இல் இதுதான் அந்த இடம் என்றார்.

வழக்கு எப்படியோ போகட்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கம்பத்துக்காரப் பாட்டி, எழுபது வயதிருக்கும், பளியன்குடி வழியாக நடந்தே ஏறி வந்திருந்தார். "புத்தகத்துல என்னங்கய்யா போட்டிருக்கு?" என்று கேட்டார். மதுரையை எரித்துவிட்டுப் பதினாலு நாள் நடந்து மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றாள், குறவர்கள் பார்த்தார்கள் என்றேன். "தண்ணி குடிச்சாளா, சாப்பிட்டாளான்னு எழுதலையா?" என்றார். முழித்தேன். பூம்புகாரில் யாரும் என்னிடம் கண்ணகியைப் பற்றி இப்படிப் பேசவில்லை, அங்கே அவள் சிலை, இங்கே பக்கத்து வீட்டுப் பெண்.

அதனால் முழங்கால் நன்றாக இருந்து, கூட்டமும் புழுதியும் பொறுப்பவர் என்றால் யோசிக்காமல் மலைக்குப் போங்கள். வரிசை முடிந்து மலை விளிம்பிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்கே போகலாம். கைக்குழந்தையோ, மூட்டு வலிக்கார அம்மாவோ கூட இருந்தால் பூம்புகார், ஆனால் தனிப் பயணமாக வேண்டாம். திருவெண்காடு, சீர்காழி போகிற வழியில் அரைநாள் ஒதுக்கி, கீழையூரை முதலில் பார்த்துவிட்டு, கலைக்கூடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நேரமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் முடிக்கத் திட்டம் போடாதீர்கள், காவிரி ஒரு மூலை, கம்பம் ஒரு மூலை. வருகிற சித்திரைக்கு நான் மலைக்குத்தான், இந்தத் தடவை பளியன்குடி வழியாக நடந்து. மகளும் வருகிறேன் என்கிறாள்.